திறந்த அறிவியலின் பொதுக் கட்டமைப்பு: எதை இறுக்கிக் கட்டுவது, எதைத் தளர விடுவது?

2015ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள், உலகின் பல பகுதிகளில் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிச் சென்றவர்களுக்கு இணைப்புகள் திறக்கவில்லை. கட்டுரைகள் அழிந்துவிடவில்லை, அவற்றை வைத்திருந்த சர்வர்களும் பழுதாகவில்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் நிலையான அடையாளமாகத் தரப்படும் டி.ஓ.ஐ. எண்ணைப் பெற்றுக்கொண்டு, அந்தக் கட்டுரை இன்றைக்கு எந்த இணையப் பக்கத்தில் இருக்கிறதோ அங்கே வாசகரைத் திருப்பிவிடும் வேலையை ஒரே ஓர் இணையப் பெயர் செய்துவந்தது. அந்தப் பெயரின் பதிவு உரிய நாளில் புதுப்பிக்கப்படாமல் விட்டுப்போயிற்று. அடுத்த 48 மணி நேரத்தின் ஒரு பகுதியிலேனும், டி.ஓ.ஐ. வழியாக வந்த கோரிக்கைகளில் பாதி வரை போக வழியின்றி நின்றன.

இதில் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. கோடிக்கணக்கான கட்டுரைகளும் தரவுத் தொகுப்புகளும் நம்பியிருந்த ஓர் இடத்தில், குறித்த காலத்தில் செய்ய வேண்டிய சிறு அலுவலகக் கடமை ஒன்று தவறியது, அவ்வளவுதான். அறிவியலுக்கான பொதுக் கட்டமைப்பைப் பற்றிப் பேசும்போது சர்வர்களையும் மென்பொருளையும் சேமிப்புத் திறனையும் பற்றியே பெரும்பாலும் பேசுகிறோம். அவை வேண்டியவைதாம், பணமிருந்தால் அவற்றை வாங்கிவிடலாம். எல்லோருக்கும் பொதுவாக, பல பத்தாண்டுகளுக்கு மாறாமல் இருக்க வேண்டியவை எவை என்று கண்டுகொண்டு அவற்றை மட்டும் இறுக்கிக் கட்டுவதும், மற்றவற்றைப் பிறர் திருத்தவும் பெயர்த்துக்கொண்டு போகவும் இடம் கொடுத்துத் தளர விடுவதுமே இந்த வடிவமைப்பின் கடினமான பகுதி என்பது என் கருத்து. அந்தப் பிரிப்பில் தவறினால், எவ்வளவு நல்ல மென்பொருளும் பதினைந்து ஆண்டுகளில் பாழடைந்த வீடாகிவிடும்.

கட்டமைப்பு என்று எதைச் சொல்கிறோம்

ஆய்வு முடிவுகளும் தரவும் எவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதே திறந்த அறிவியல். 2021 நவம்பரில் யுனெஸ்கோவின் உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொண்ட திறந்த அறிவியல் பரிந்துரை, ஆய்விதழ்களையும் களஞ்சியங்களையும் கணினி மையங்களையும் மட்டுமல்லாமல், பகிர்ந்து பயன்படுத்தும் பெரிய ஆய்வுக் கருவிகளையும் இந்தக் கட்டமைப்பில் சேர்த்தே பேசுகிறது. இந்தப் பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம். அதைவிட, ஒரே ஒரு பதிவு எப்படிப் பயணப்படுகிறது என்று பார்த்தால் விளக்கம் எளிதாகும்.

ஓர் ஆய்வாளர் ஒரு வண்ணத்துப்பூச்சியைக் கண்டு குறித்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய குறிப்பேட்டில் பெயரும் தேதியும் இடமும் இருந்தால் அவருக்குப் போதும். அதே குறிப்பு, 2001இல் நிறுவப்பட்டு கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் உலகப் பல்லுயிர்த் தகவல் அமைப்புக்குள் சென்று, பிற நாடுகளிலிருந்து வந்த நூறு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளோடு சேர வேண்டுமானால், டார்வின் கோர் என்ற பொதுச் சொற்றொகுதிக்கு ஏற்ப அமைய வேண்டும். அறிவியல் பெயர், பார்த்த நாள், அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றை எவரும் எதிர்பார்ப்பார்கள். அந்த இடக்குறிப்பில் எத்தனை மீட்டர் வரை பிழை இருக்கலாம் என்பதற்குத் தனிப் புலம் உண்டு. பதிவு நேரில் கண்டதைப் பற்றியதா, அருங்காட்சியகத்தில் உள்ள மாதிரியைப் பற்றியதா என்பதற்கு இன்னொரு புலம் உண்டு. கைக்கருவி வைத்துப் பத்து மீட்டர் துல்லியத்தில் குறித்த பதிவும், நூறாண்டுக்கு முன் ஒரு மாவட்டத்தின் பெயரை மட்டும் எழுதிவைத்த பதிவும் வரைபடத்தில் ஒரே அளவுப் புள்ளியாகத்தான் தெரியும். பிழையின் அளவைச் சொல்லும் அந்தப் புலம் காலியாக இருந்தால், பின்னாளில் காலநிலை மாற்றத்தால் உயிரினங்கள் இடம்பெயர்வதைக் கணக்கிட வருபவர் இரண்டையும் சமமாக நம்பிவிடுவார்.

இடக்குறிப்பே இல்லாத பதிவுகளில், காலியிடத்தைச் சில மென்பொருள்கள் பூச்சியம் என்று நிரப்பிவிடும். அட்சரேகை பூச்சியமும் தீர்க்கரேகை பூச்சியமும் சந்திக்கும் இடம் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவின் நடுக்கடல். வண்ணத்துப்பூச்சிகளும் காட்டு மரங்களும் அங்கே வாழ்வதாகத் தரவு காட்டத் தொடங்கும். இதனால்தான் அந்த அமைப்பு, உள்ளே வரும் ஒவ்வொரு பதிவையும் சோதித்து, இப்படிப்பட்டவற்றின் மீது எச்சரிக்கைக் குறி இடுகிறது. பதிவை அது நீக்குவதில்லை, மூலத்தைத் திருத்துவதுமில்லை. ஐயம் இருக்கிறது என்று சொல்கிறது. மூலத் தரவைத் தொடாமல் ஐயத்தை அதன் அருகே எழுதிவைக்கும் இந்த அடக்கம் நல்ல வடிவமைப்பின் அடையாளம் என்று நினைக்கிறேன்.

தரவைப் பற்றிய தரவாகிய மீத்தரவு, எல்லோரும் ஒப்புக்கொண்ட சொற்றொகுதி, மாறாத அடையாள எண், சோதிக்கும் முறை, பயன்படுத்த அனுமதி தரும் உரிமம், இவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஆட்கள் ஆகிய எல்லாம் சேர்ந்ததே கட்டமைப்பு. திரையில் தெரியும் தேடுபெட்டி அதன் கடைசி மில்லிமீட்டர்.

எண்பது எழுத்துகள் கொண்ட ஒரு வரி

இறுக்கிக் கட்டுவது என்றால் என்ன என்பதற்கு வானியலாளர்களின் ஃபிட்ஸ் கோப்பு வடிவத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஒரு தொலைநோக்கியில் பதிவான படத்தை வேறொரு நாட்டின் வேறொரு கணினியில் திறக்க வேண்டும் என்ற தேவையிலிருந்து அது பிறந்தது. 1981இல் அது வெளியிடப்பட்டது. மறு ஆண்டு பன்னாட்டு வானியல் ஒன்றியம் அதை ஏற்றுக்கொண்டது.

ஒரு ஃபிட்ஸ் கோப்பைத் திறந்தால் முதலில் வருவது மனிதர் படிக்கக்கூடிய எழுத்துகளாலான ஒரு தலைப்பகுதி. அதில் ஒவ்வொரு வரியும் சரியாக 80 எழுத்துகள் கொண்டது. கணினிக்குத் தரவு கொடுக்க அந்தக் காலத்தில் பயன்பட்ட துளையட்டையில் 80 நெடுவரிசைகள் இருந்தன என்பதே அதற்குக் காரணம். அப்படி 36 வரிகள் சேர்ந்து 2,880 பைட் கொண்ட ஒரு தொகுதியாகின்றன. கோப்பு முழுவதும் அந்த அளவின் மடங்குகளாகவே வளரும். ஒரு படப்புள்ளியின் மதிப்புக்கு எத்தனை பிட், படத்துக்கு எத்தனை அச்சுகள், ஒவ்வோர் அச்சின் நீளம் என்ன என்பவை குறித்த ஒழுங்கில் வருகின்றன. தொலைநோக்கியின் பெயரும் பதிவு செய்த நேரமும் இன்னபிறவும் அவற்றைத் தொடர்ந்து வருகின்றன. படத்தைப் பற்றிய விவரம் படத்தோடு ஒட்டியே பயணப்படுவதால், கோப்பு யார் கைக்குப் போனாலும் அது தன்னைத் தானே விளக்கிக்கொள்ளும்.

இந்த வடிவத்தைப் பராமரிப்பவர்கள் ஒரு விதியைக் கைவிடவே இல்லை: ஒருமுறை ஃபிட்ஸ் என்றால் என்றைக்கும் ஃபிட்ஸ். பின்னால் எந்த மாற்றம் செய்தாலும், முன்பு செல்லுபடியான கோப்பு ஒன்று செல்லாமல் போகக் கூடாது. இதன் பயனாக, நாற்பதாண்டுகளுக்கு முன் எழுதிய கோப்பை இன்றைய மென்பொருள் திறக்கிறது. வத்திக்கான் நூலகம் தன் பழங்கையெழுத்துப் படிகளைப் படிமமாக்கி நீண்ட காலத்துக்குச் சேமிக்க எண்ணியபோது இந்த வானியல் வடிவத்தைத் தேர்ந்தெடுத்ததும் இந்த உறுதியை நம்பித்தான்.

விலை கொடுக்காமல் இந்த உறுதி கிடைக்கவில்லை. தலைப்பகுதியின் திறவுச்சொற்கள் எட்டு எழுத்துகளுக்கு மேல் போகக் கூடாது என்பது போன்ற துளையட்டைக் காலத்துக் கட்டுகள் இன்றைய ஆய்வாளர்களை நெருக்குகின்றன. இறுக்கம் தவறான இடத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்பதைப் புரதக் கட்டமைப்புகளின் உலகக் களஞ்சியமான புரோட்டீன் டேட்டா பேங்க் காட்டுகிறது. 1971இல் ஏழு கட்டமைப்புகளோடு தொடங்கிய அந்தக் களஞ்சியத்தின் பழைய கோப்பு வடிவமும் எண்பது எழுத்து வரிகளால் ஆனது. அதில் அணுவின் வரிசை எண்ணுக்கு ஐந்து இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. எனவே ஒரு கோப்பில் 99,999 அணுக்களுக்கு மேல் எழுத முடியாது. தொடங்கிய காலத்தில் அது கடல் போலப் பெரிதாகத் தோன்றியிருக்கும். ரைபோசோம் போன்ற பெரிய மூலக்கூறுகளின் கட்டமைப்பு கண்டறியப்பட்டபோது, ஒரே மூலக்கூறைப் பல கோப்புகளாகத் துண்டுபோட்டு வைக்க வேண்டியதாயிற்று. 2014 முதல் அந்தக் களஞ்சியம் வேறொரு நெகிழ்வான வடிவத்தைத் தரமாக ஏற்றுப் பழைய துண்டுகளை ஒன்றுசேர்த்தது. அப்போது எந்தக் கட்டமைப்பின் உள்ளடக்கமும் தொலைந்துபோகாமல் மாற்றம் நடந்ததற்கு, வடிவத்தைத் தாண்டிப் பொருளைச் சொல்லும் சொற்றொகுதி ஒன்றை அவர்கள் பல ஆண்டுகளாகவே வளர்த்துவந்தது காரணம். பொருளை இறுக்கமாக வரையறுத்து, அதை எழுதிவைக்கும் ஏட்டை மாற்றிக்கொள்ள இடம் விட்டார்கள். இந்தக் களஞ்சியத்தின் தரவைக் கொண்டு பயிற்சி பெற்று, புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு நிரலான ஆல்ஃபாஃபோல்டுக்காக டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும் 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். ஐம்பதாண்டு காலம் ஒரே ஒழுங்கில் தரவைச் சேர்த்துவந்தவர்களின் பொறுமை இல்லாமல் அந்தப் பயிற்சி நடந்திருக்காது.

பெயரும் எண்ணும்

பொதுக் கட்டமைப்பின் அடியாழத்தில் இருப்பவை அடையாள எண்கள். நூல்களுக்கும் கட்டுரைகளுக்கும் தரவுத் தொகுப்புகளுக்கும் டி.ஓ.ஐ., ஆய்வாளர்களுக்கு 2012இல் தொடங்கிய ஆர்கிட், ஆய்வு நிறுவனங்களுக்கு 2019இல் தொடங்கிய ஆர்.ஓ.ஆர். என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை இன்று வழக்கில் உள்ளது. இவற்றின் பொதுப் பண்பு, எண்ணுக்குள் பொருள் எதையும் வைக்காமல் இருப்பது. பதிப்பகத்தின் பெயரையோ நாட்டின் பெயரையோ துறையின் பெயரையோ அடையாளத்துக்குள் வைத்தால், பதிப்பகம் கைமாறும்போதும் துறை இரண்டாகப் பிரியும்போதும் அந்த அடையாளம் பொய் சொல்லத் தொடங்கும். வெறும் எண் எந்நாளும் பொய் சொல்லாது.

ஆர்கிட் எண்ணில் பதினாறு இலக்கங்கள் இருக்கின்றன. கடைசி இலக்கம் முந்தைய பதினைந்திலிருந்து கணக்கிட்டுப் பெறுவது. தட்டச்சில் ஓர் இலக்கம் தவறினாலும் கணக்கு ஒத்துவராமல் பிழை அங்கேயே பிடிபடும். இதன் மதிப்பைப் பெயர்களின் சிக்கலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களைத் தந்து நிரப்பச் சொல்லும் படிவங்கள், குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத சமூகங்களைச் சேர்ந்தவர்களைப் பல காலமாக அலைக்கழித்துவந்திருக்கின்றன. ஒரே மனிதர் மூன்று ஆய்விதழ்களில் மூன்று வடிவப் பெயர்களோடு மூன்று பேராகப் பதிவாவதும், ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் கொண்ட பலர் ஒருவராகக் கலந்துவிடுவதும் அன்றாடம் நடக்கின்றன. திருமணத்தாலும் பிற காரணங்களாலும் பெயர் மாற்றிக்கொள்பவர்களின் பழைய உழைப்பு அவர்களிடமிருந்து அறுந்துபோகிறது. பெயர் எப்படி மாறினாலும் எண் உடன் வரும் என்ற ஏற்பாடு, பட்டியல்களைச் சீர்படுத்துவதோடு நில்லாமல், ஒருவர் செய்த வேலைக்கு அவருக்கே உரிய மதிப்பையும் சேர்க்கிறது.

2016இல் வெளியான ஃபேர் நெறிகள், தரவு தேடிக் கண்டடையத்தக்கதாகவும் பெறத்தக்கதாகவும் பிற தரவோடு இணைந்து இயங்கத்தக்கதாகவும் மீண்டும் பயன்படுத்தத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. அவற்றுள் அதிகம் பேசப்படாத ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும்: தரவே இல்லாமல் போன பிறகும் அதைப் பற்றிய மீத்தரவு கிடைக்க வேண்டும். ஒரு தரவுத் தொகுப்பு பிழை காரணமாகவோ சட்டக் காரணத்தாலோ திரும்பப் பெறப்பட்டால், அதன் எண்ணைத் தேடி வருபவருக்கு வெற்றுப் பக்கம் காத்திருக்கக் கூடாது. இங்கே இன்ன தரவு இருந்தது, இன்ன நாளில், இன்ன காரணத்தால் நீக்கப்பட்டது என்று நடுகல் போல ஒரு பக்கம் நிற்க வேண்டும். முன்பு அதை மேற்கோள் காட்டியவர்களின் வாதத்தைச் சரிபார்க்க வேறு வழி கிடையாது.

ஆய்வாளரின் கையில் இருக்கும் கருவி

கட்டமைப்பை வடிவமைப்பவர்கள் தங்கள் எல்லை களஞ்சியத்தின் வாசலோடு முடிகிறது என்று நினைப்பதுண்டு. மரபணுப் பெயர்களின் கதை அதை மறுக்கிறது. செப்டின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரபணுவின் குறியீடு ஆங்கிலத்தில் செப்டம்பர் மாதத்தின் சுருக்கமும் இரண்டு என்ற எண்ணும் சேர்ந்தது போல இருந்தது. அதை எக்செல் விரிதாளில் இட்டால் மென்பொருள் அதைச் செப்டம்பர் 2 என்ற தேதியாக மாற்றிவிடும். மார்ச் மாதத்தின் பெயரை ஒத்த குறியீடுகளுக்கும் இதே கதி. மரபணுப் பட்டியல்களை எக்செல் இணைப்பாகக் கொண்ட ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இத்தகைய பிழை இருப்பதாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. பிழை இருப்பது பத்தாண்டுக்கும் மேலாகத் தெரிந்திருந்தும் அது குறையவில்லை. கடைசியில் மரபணுப் பெயரிடும் குழுவே இறங்கிவந்து, சிக்கல் தந்த 27 மரபணுக்களின் குறியீடுகளை மாற்றிவிட்டதாக 2020இல் செய்தி வந்தது.

மென்பொருளுக்காக மனித மரபணுவின் பெயரை மாற்றுவதா என்று அப்போது பலர் வருந்தினார்கள். எனக்கு அந்த முடிவு சரியாகவே படுகிறது. எல்லா ஆய்வகங்களிலும் இருக்கும் கருவியை எவராலும் ஒரே நாளில் மாற்ற முடியாது. பெயரை மாற்ற ஒரு குழுவுக்கு அதிகாரம் இருந்தது, அது அதைப் பயன்படுத்தியது. ஆய்வாளர் நாள் முழுவதும் எந்தக் கருவியில் வேலை செய்கிறாரோ, அதையும் கட்டமைப்பின் பகுதியாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதே வடிவமைப்பாளருக்கு அழகு.

தரவைக் களஞ்சியத்தில் சேர்ப்பதை ஆய்வாளரின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2 முதல் 22 ஆண்டுகள் வரை பழையனவான 516 உயிரியல் ஆய்வுக் கட்டுரைகளின் தரவை அவற்றின் ஆசிரியர்களிடமே கேட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2014இல் வெளிவந்தது. தரவு இன்னும் இருக்கும் வாய்ப்பு, கட்டுரைக்கு ஒவ்வோர் ஆண்டு வயதாகும்போதும் 17 விழுக்காடு வீதம் குறைந்துகொண்டே போயிற்று. மின்னஞ்சல் முகவரி மாறிவிட்டது, தரவு பழைய வட்டில் இருக்கிறது, அந்த வட்டைப் படிக்கும் கருவி இப்போது இல்லை என்பன போன்ற சாதாரணக் காரணங்களே பெரும்பாலும். இதற்கு மாறாக, மரபணு வரிசைகளை வெளியிடும்போது களஞ்சியத்தில் சேர்த்த எண்ணைக் கட்டுரையில் தர வேண்டும் என்று ஆய்விதழ்கள் விதித்த கட்டாயம், 1982இல் தொடங்கிய ஜென்பேங்க் களஞ்சியத்தை நிரப்பியது. மனித மரபணுத் திட்டத்தில் ஈடுபட்ட ஆய்வகங்கள் 1996இல் பெர்முடாவில் கூடி, வரிசைகளை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வைப்பதென்று உடன்பட்டன. ஆய்வு முடிந்த பின் தனியே செய்ய வேண்டிய வேலையாக இல்லாமல், ஆய்வின் நடையிலேயே தரவு களஞ்சியத்துக்குள் போய்ச் சேரும்படி வழி அமைந்தால்தான் அது நடக்கும்.

படிகளும் தொலைவும்

1957–58இல் நடந்த பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டின்போது திரண்ட அளவீடுகளைப் பாதுகாக்க உலகத் தரவு மையங்கள் அமைக்கப்பட்டன. பனிப்போர் உச்சத்தில் இருந்த அந்நாளில், ஒரு தொகுதி அமெரிக்காவிலும் ஒன்று சோவியத் ஒன்றியத்திலும் மற்றொன்று மேற்கு ஐரோப்பா, ஜப்பான் முதலிய இடங்களிலும் வைக்கப்பட்டன. ஒருவரை ஒருவர் நம்பாத அரசுகள் கையாண்ட இந்த ஏற்பாடு இன்றைக்கும் பழசாகவில்லை. மரபணு வரிசைகளை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் உள்ள மூன்று மையங்கள் தினந்தோறும் தமக்குள் பரிமாறிக்கொள்கின்றன. எங்கே சேர்த்தாலும் மூன்றிலும் ஒரே எண்ணில் அது கிடைக்கும். ஆய்வாளருக்கு மூன்று வாசல்கள், தரவுக்கு மூன்று வீடுகள்.

ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கும் பல படிகள், அதாவது நகல்கள், உண்மையில் பல படிகள் ஆகா என்பதை 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. அதன் மீக்கணினியின் கோப்புகளைக் காப்புப்படி எடுக்கும் நிரல், பழைய பதிவுக் குறிப்புகளை அழிப்பதற்கென்று எழுதிய கட்டளையைத் தன்னுள் வைத்திருந்தது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் திருத்திய வடிவம் அதன் மேல் எழுதப்பட்டது. பாதியில் மாறிய நிரலுக்கு எந்தக் கோப்புறையில் அழிக்க வேண்டும் என்ற மதிப்பு கிடைக்காமல் போக, அது ஆய்வாளர்களின் கோப்புகளையே அழித்தது. ஏறத்தாழ 77 டெராபைட், 3 கோடியே 40 லட்சம் கோப்புகள், 14 ஆய்வுக் குழுக்களின் உழைப்பு. அழித்தது தாக்குதல் நடத்திய எவரும் அல்ல; பாதுகாக்க வைத்த நிரலே. வேறு ஆட்கள், வேறு மென்பொருள், வேறு நிதி ஆகியவற்றின் பொறுப்பில் இருக்கும் படியைத்தான் இன்னொரு படி என்று எண்ண வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் 1999இல் தொடங்கிய லாக்ஸ் திட்டம், பல நூலகங்களிலுள்ள படிகள் ஒன்றையொன்று ஒப்பிட்டுப் பழுதைத் தாமே சரிசெய்துகொள்ளும்படி அமைந்தது இந்த எண்ணத்தில்தான்.

படிகளைப் பெருக்குவதற்கும் எல்லை உண்டு. ஒரு பெட்டாபைட் தரவை நொடிக்கு ஒரு கிகாபிட் வேகமுள்ள இணைப்பில், இடையறாமல் முழு வேகத்தில் இறக்கினால் 92 நாட்களுக்கு மேல் ஆகும். வானியலும் துகள் இயற்பியலும் காலநிலை ஆய்வும் இந்த அளவைத் தாண்டி வெகு காலமாகிறது. அதனால் தரவைக் கணினியிடம் கொண்டுபோவதை விட்டுக் கணக்கீட்டைத் தரவின் இடத்துக்கு அனுப்புகிறார்கள். ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் துகள் மோதுவிப்பான் தரவை நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 170 மையங்கள் பகிர்ந்து வைத்துக் கணக்கிடுவது இதன் மிகப் பெரிய வடிவம். எல்லாத் துறைகளுக்கும் இப்படிச் சொந்த வலை கிடையாது. அவை வணிக மேகக் கணினிச் சேவைகளில் தரவை வைக்கின்றன. உள்ளே ஏற்றுவது மலிவாகவும் வெளியே எடுப்பது செலவாகவும் இருக்கும் விலையமைப்பு அங்கே வழக்கம். உரிமத்தின்படி திறந்திருக்கும் தரவு, விலையின்படி மூடியிருக்க முடியும் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கணக்கிட வேண்டும். இணைப்பு வேகம் குறைந்த நாட்டில் இருக்கும் ஆய்வாளருக்கு, மீத்தரவு மட்டும் தனியே சிறு கோப்பாகக் கிடைப்பதும், முழுத் தொகுப்பில் வேண்டிய துண்டை மட்டும் வெட்டி எடுக்க முடிவதும், எந்த முன்பக்க அலங்காரத்தையும்விடப் பெரிய திறப்பு.

திறப்பதா மூடுவதா என்ற கேள்விக்கும் ஒரே விடை கிடையாது. நோயாளிகளின் மரபணுத் தரவை விண்ணப்பித்து அனுமதி பெற்றவர்களுக்கு மட்டும் தரும் களஞ்சியங்கள் உள்ளன. வேட்டைக்கும் கடத்தலுக்கும் ஆளாகும் உயிரினங்களின் இருப்பிடத்தைத் துல்லியம் குறைத்து வெளியிடுவது பல்லுயிர்த் தரவில் வழக்கமாக உள்ளது. தொல்குடி மக்களைப் பற்றிய தரவில் அவர்களுக்கே அதிகாரம் வேண்டும் என்று 2019இல் வெளியான கேர் நெறிகள் கேட்கின்றன. தரவு எளிதில் கைமாறுவதையே நோக்கமாகக் கொண்ட ஃபேர் நெறிகளுக்கு அது நியாயமான மறுமொழி.

யார் பொறுப்பு, யார் பணம்

அராபிடாப்சிஸ் என்ற சிறு செடி தாவரவியலாளர்களுக்கு ஆய்வகத்துச் சுண்டெலி போன்றது. அதன் மரபணுக்களைப் பற்றிய அறிவையெல்லாம் கட்டுரை கட்டுரையாகப் படித்து, தொகுத்து வைத்த டேர் என்ற தரவுத்தளத்துக்கு அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை தந்துவந்த நிதி 2013இல் நின்றது. உலகெங்கும் அதைப் பயன்படுத்தியவர்கள் இருந்தும், புதிய கண்டுபிடிப்புக்கு நிதி தரும் அமைப்புகளுக்குப் பராமரிப்பு ஒரு கண்டுபிடிப்பாகத் தெரிவதில்லை. அதை நடத்தியவர்கள் இலாப நோக்கற்ற நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, பல்கலைக்கழகங்களிடம் சந்தா பெற்று, ஓராண்டு கழித்துத் தரவைப் பொதுவில் விடும் முறைக்கு மாறினார்கள். தரவுத்தளம் பிழைத்தது. ஆனால் எல்லோருக்கும் உடனே திறந்திருந்த ஒன்று, பணம் கட்டியவர்களுக்கு முதலில் திறப்பதாக மாறியது. இதில் நடத்தியவர்களைக் குறை சொல்ல என் மனம் ஒப்பவில்லை; மூன்றாண்டு நிதியைக் கொண்டு முப்பதாண்டுக் கடமையைச் செய்யச் சொன்ன ஏற்பாடே குறையுடையது.

1991 ஆகஸ்டில் பால் கின்ஸ்பார்க் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில், ஆய்விதழில் வெளியாகும் முன்பே பகிரப்படும் கட்டுரைகளாகிய முன்பதிப்புகளை மின்னஞ்சல் வழி பகிரத் தொடங்கிய ஆர்க்கைவ், 2001இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறியது. பின்னர் நூலகங்களின் உறுப்பினர் கட்டணமும் அறக்கட்டளை நிதியும் சேர்ந்து அதைத் தாங்கின. 2022க்குள் அதில் 20 லட்சம் கட்டுரைகள் சேர்ந்துவிட்டன. சமூக அறிவியலாளர்கள் தங்கள் முன்பதிப்புகளை வைத்துவந்த எஸ்.எஸ்.ஆர்.என். 2016இல் எல்செவியர் என்ற வணிகப் பதிப்பகத்துக்கு விற்கப்பட்டது. கட்டுரைகளை அங்கே சேர்த்தவர்களிடம் எவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற விதியும் எங்கும் இல்லை.

இதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, ஜெஃப்ரி பில்டர், ஜெனிஃபர் லின், கேமரன் நெய்லன் ஆகிய மூவர் 2015இல் அறிவுத்துறைத் திறந்த கட்டமைப்புகளுக்கான நெறிகளை எழுதினார்கள். நிர்வாகத்தில் பயன்படுத்துவோருக்குப் பங்கு வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு வரும் நிதியைக் குறிப்பிட்ட காலத்து வேலைக்கே செலவிட வேண்டும். வருமானம் சேவையிலிருந்து வரலாமே தவிரத் தரவை விற்று வரக் கூடாது. ஓராண்டு இயங்கப் போதுமான இருப்பு வேண்டும் என்று அவை கூறின. நிறுவனம் மூடப்பட்டால் சொத்துகள் யாருக்குப் போகும் என்று உயில் போல எழுதிவைக்கவும் கேட்டன. என்னை மிகவும் கவர்ந்தது கடைசியில் வரும் காப்பீட்டுப் பகுதி: மென்பொருளும் தரவும் திறந்த உரிமத்தில் இருக்க வேண்டும், எவரும் முழுவதையும் இறக்கிக்கொள்ள முடிய வேண்டும். நிர்வாகம் வழி தவறினால், பயன்படுத்துவோர் எல்லாவற்றையும் படியெடுத்துக்கொண்டு வேறிடத்தில் புதிதாகத் தொடங்கலாம். அப்படிப் பிரிந்து போக முடியும் என்ற நிலையே, பெரும்பாலும் பிரிந்து போகத் தேவையில்லாதபடி நிர்வாகத்தை ஒழுங்காக வைத்திருக்கும்.

இந்தக் காப்பீடு அண்மையில் இரண்டு முறை சோதிக்கப்பட்டது. ஆய்வு நிறுவனங்களின் அடையாள எண்களை கிரிட் என்ற பட்டியலாக ஒரு தனியார் நிறுவனம் வெளியிட்டுவந்தது. அந்தத் தரவு எவரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்ற பொது உரிமத்தில் இருந்ததால், ஆர்.ஓ.ஆர். அதையே விதையாகக் கொண்டு தொடங்கியது. பொது வெளியீட்டை நிறுத்துவதாக 2021இல் கிரிட் அறிவித்தது. 2022 மார்ச் முதல் ஆர்.ஓ.ஆர். தன் பட்டியலைத் தானே திருத்தி வெளியிடுகிறது. கட்டுரைகள், ஆசிரியர்கள், மேற்கோள்கள் ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைத்துத் தொகுத்து மைக்ரோசாஃப்ட் நடத்திவந்த கல்வித்துறைத் தரவு வரைபடம் 2021 டிசம்பர் 31ஆம் நாளோடு நின்றது. அதன் தரவும் திறந்த உரிமத்தில் இருந்தது. 2022 ஜனவரியில், ஓப்பன்அலெக்ஸ் என்ற இலாப நோக்கற்ற திட்டம் அந்தத் தரவை அடித்தளமாகக் கொண்டு இயங்கத் தொடங்கியது. தன் முழுத் தொகுப்பையும் எவரும் இறக்கிக்கொள்ளலாம் என்று அதுவும் திறந்தே வைத்திருக்கிறது.